மகாபொல பிள்ளையின் சோற்றுக்காசு

இந்த வருடம் எங்கள் பிரிவிலிருந்து மூன்று பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. இரண்டு பேர் ஒலுவிலுக்கு, ஒருவர் வந்தாறுமூலைக்கு. வாழ்த்துச் சொல்லப் போன ஒரு லயத்தில் தகப்பன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "டீச்சர், மகாபொல எந்த மாசத்துல இருந்து வரும்? அது வந்தா சின்னவளுக்கு டியூசன் காசு கட்டிரலாம்."

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2015இல் என் அம்மாவும் இதையேதான் கேட்டார். ஆனாலும் சங்கப் பத்திரிகையில் இதை எழுதித்தான் ஆகவேண்டும். கோபப்படுகிறவர்கள் மாதக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக் கேட்கலாம்.

நான் படித்தது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில். அம்பாறைக் கரையோரத்தில், நிந்தவூருக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே ஒலுவிலில் இருக்கிறது. யுத்தத்தால் படிப்புக் குழம்பிப்போன முஸ்லிம் பிள்ளைகளுக்காக, அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. இன்று அங்கே எங்கள் மலையகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பசறையில் பஸ் ஏறி மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை என்று மாறி மாறிப் போய் இறங்கினால் வெயில், மணல், கடல். குளிருக்குப் பழகிய உடம்புக்கு முதல் மாதம் தூக்கமே வராது.

"இலவசக் கல்விதானே, காசு எதுக்கு?" என்று கேட்பார்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. வயிற்றுக்கு உண்டு. மெத்தை, வாளி, நுளம்பு வலை, போட்டோகொப்பி, பஸ் காசு, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் உண்டு. மகாபொல இதற்காகத்தான் வந்தது. லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்தபோது 1981இல் சட்டம் போட்டு உருவாக்கிய நிதியம் அது. லொத்தர் விற்ற காசும் அதற்குள் போகிறது. மகாபொல கிடைக்காத ஏழைப் பிள்ளைகளுக்கு பர்சரி என்ற உதவிப்பணம் தனியாக உண்டு.

நான் படித்தபோது மகாபொல மாதம் 5,000 ரூபா. 2016இல் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தில் நம் நாட்சம்பளம், கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து 730 ரூபா. அப்படியென்றால் அந்த 5,000 கிட்டத்தட்ட ஏழு நாள் பேர். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 7,500 ஆகவும் பர்சரியை 6,500 ஆகவும் கூட்டினார்கள். நம் சம்பளமோ அப்போது 2024 செப்டம்பர் வர்த்தமானிப்படி 1,350. கணக்குப் பாருங்கள், 7,500 என்பது அன்று ஐந்தரை நாள் பேர்தான். இடையில் 2022 நெருக்கடியில் அரிசி, மா, எண்ணெய் விலை என்ன பாடுபட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூட்டியும் குறைந்துபோன காசு இது. அதில் பாதியை வீட்டுக்கு அனுப்பு என்று கேட்பதுதான் என் வழக்கு.

நான் அனுப்பினேன். யாரும் மிரட்டிக் கேட்கவில்லை. அம்மா போனில் மெதுவாகத்தான் கேட்பார். "புள்ள, முடிஞ்சா ரெண்டாயிரம் போட்டுவிடு, தோட்டைத் திருப்பணும்." என்னை அனுப்புவதற்காக அடகு வைத்த தோடு அது. எப்படி மறுப்பது? இரண்டாம் வருடம் நாலு பேர் சேர்ந்து வெளியே அறை எடுத்திருந்தோம். அறை வாடகை போய், வீட்டுக்கு 2,000 போய், மிச்சத்தில் மாதம் ஓடவேண்டும். நான் பகல் சாப்பாட்டை நிறுத்தினேன். அறைத் தோழிகளிடம் வயிறு சரியில்லை என்று சொன்னேன். மூன்று மாதம் எவ்வளவு பொய் சொல்லலாம்? வீட்டுக்கார உம்மா கண்டுபிடித்துவிட்டார். "என்ன மகள், இண்டைக்கும் பகல் சாப்பாடு தின்னல்லயா?" என்று கேட்டுச் சோற்றுக் கோப்பையை நீட்டினார். நான் அழுதேன். அந்தப் பரீட்சையில் ஒரு பாடம் கோட்டை விட்டு, அடுத்த வருடம் திரும்ப எழுதினேன்.

எனக்காவது ஒரு பாடத்தோடு போயிற்று. ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவன் வீட்டுக் கடனுக்கு மகாபொலவை முழுதாக அனுப்பிக்கொண்டிருந்தான். லீவில் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கெட்டிக்காரன். இன்றும் கடையில்தான் இருக்கிறான்.

அந்த உம்மா எனக்கு ஒரு கொப்பி தந்து தினமும் செலவு எழுதவைத்தார். அவரே பத்துப் பேரைச் சேர்த்துச் சீட்டுப் பிடிக்கிறவர், சதக் கணக்குத் தவறாது. எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, கன்டீன் தேநீருக்கும் ரோல்ஸுக்கும் போனுக்கும் எவ்வளவு கரைகிறதென்று. பிறகு நாலு பேரும் சேர்ந்து சமைத்தோம். சம்மாந்துறைப் பக்கத்து மில்லில் அரிசியை மூட்டையாக வாங்கினோம். சூடையோ கீரியோ, மாலையில் விலை இறங்கிய பிறகு வாங்கினோம். மாதக் கடைசியில் கல்முனைக்கு ஒரே தடவை பஸ் ஏறி மற்றச் சாமான் எல்லாம். காசு வந்த அன்றே வாடகையையும் அரிசியையும் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை நாலு வாரமாகப் பிரித்தோம். போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கெட்டித்தனம் இவ்வளவுதான். இன்னொன்று, தவணைக்குப் போன் எடுக்காதீர்கள்.

ஆனால் எந்தக் கொப்பியாலும் தீராத காலம் ஒன்று இருக்கிறது. முதல் நாலு மாதம். வருமானச் சான்றிதழை கிராம அலுவலரிடம் எடுத்து, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கி, தோட்டத்துச் சம்பள விபரத்தையும் சேர்த்துக் கொடுத்து, தெரிவாகி, காசு கணக்குக்கு வருவதற்கு எனக்கு நாலு மாதம் சென்றது. அந்த நாலு மாதத்துக்காகத்தான் தோடு அடகுக்குப் போகிறது, மீட்டர் வட்டிக்காரர் லயத்துக்கு வருகிறார். அந்தக் கடனை அடைக்கத்தான் பிறகு மகாபொல வீட்டுக்குத் திரும்பி வருகிறது. பெற்றோருக்குப் பேராசை என்று யாரும் சொல்லவேண்டாம். ஓட்டை இருப்பது முதல் நாலு மாதத்தில்.

கரையோரத்தில் இதை எப்படி அடைக்கிறார்கள் என்று பார்த்தேன். வசதியுள்ள முஸ்லிம்கள் தங்கள் சேமிப்பில் வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸகாத் கொடுக்கவேண்டும். நான் இருந்த ஊரில் பள்ளிவாசல்காரர்கள் அதைச் சேர்த்து, படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். உம்மாவின் தங்கை மகன் கம்பஸுக்குப் போனபோது யாருடைய நகையும் அடகுக்குப் போகவில்லை.

நமக்கும் சேர்த்துச் செய்யத் தெரியாதா? கோயில் திருவிழாவுக்கு செக்ரோலில் காசு பிடிக்கச் சம்மதிக்கிறோம், ஒரு வீடு பின்வாங்குவதில்லை. அம்மனுக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை, என் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். பக்கத்தில் இன்னொரு வரி சேர்ப்போம் என்கிறேன். எங்கள் பிரிவில் 120 குடும்பம். வீட்டுக்கு மாதம் 100 ரூபா என்றால் 12,000. வருடத்துக்கு 1,44,000. மூன்று பிள்ளைகளுக்கு நாலு மாதத்துக்கு, மாதம் 12,000 வீதம் கொடுக்கச் சரியாக அதே தொகை. இதை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தால், படித்து வேலை எடுத்த பிறகு பிள்ளை திருப்பித் தரலாம்; அடுத்த பிள்ளைக்கு அது போகும். சந்தாப் பணத்திலிருந்து சங்கமும் ஒரு பங்கு போடவேண்டும் என்று மாவட்டக் கூட்டத்தில் நான் கேட்பேன். பெரிய தலைவர்கள் மேடையில் புலமைப்பரிசில் கொடுத்துப் படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் அது பிள்ளை போகிற வாரத்தில் கைக்கு வருவதில்லை.

வெளியே கேட்கக்கூடிய இடமும் உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே 1940களில் தொடங்கிய இந்தியக் கல்வி நிதியம், உயர்தர, பல்கலைக்கழக மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கிறது. அதை கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். விண்ணப்பம் நிரப்ப ஞாயிறு காலையில் பாடசாலைக்கு வாருங்கள், நான் இருப்பேன்.

பெற்றோரிடம் ஒன்றைக் கேட்கிறேன். ஏடிஎம் கார்ட் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். போன் எடுக்கும்போது காசைப் பற்றிக் கேட்பதற்கு முன் "பகல் சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

100 ரூபாவுக்கான சம்மதக் கடிதம் தலவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் இருக்கிறது. இதுவரை 41 வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. டியூசன் காசு கேட்ட அந்தத் தகப்பனுடையது ஏழாவது கையெழுத்து.