வீட்டைப் பிடுங்கினீர்கள், ஓட்டையுமா?



2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் சுமார் 7 லட்சம். இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, மாநிலத்தில் சுமார் 66 லட்சம் பேருக்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: முகவரியில் இல்லை, இடம்பெயர்ந்துவிட்டார்.

இடம்பெயர்ந்தாரா, பெயர்க்கப்பட்டாரா?

பெரும்பாக்கத்தைப் பாருங்க. கூவம், அடையாறு கரைகளில் தலைமுறையாக வாழ்ந்தவர்களை, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அள்ளிக்கொண்டு வந்து எட்டு மாடிக் குடியிருப்பில் இறக்கியது அரசுதான். நேற்றுவரை சென்னை மாநகராட்சிக் கவுன்சிலரிடம் தண்ணி கேட்டவர், மறுநாள் ஒரு கிராம ஊராட்சியில்! பழைய வார்டில் ஆள் இல்லை, புது ஊரில் பெயர் இல்லை. ஓட்டு இல்லாத தெருவுக்கு எந்தத் தலைவர் எட்டிப் பார்ப்பார்?

மறைமலைநகரிலும் கேளம்பாக்கத்திலும் வாடகைக்கு இருக்கிறவங்க நிலைமையும் இதுதான். வீட்டு ஒப்பந்தம் 11 மாசம். தேர்தல் 5 வருஷத்துக்கு ஒருமுறை.

மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் மக்களுக்கு 2021 நவம்பர் 4 அன்று முதலமைச்சர் நேரில் போய் மனைப் பட்டா கொடுத்தார். வாக்காளர் அட்டையும் அதே நாளில்தான். நல்ல விஷயம். ஆனா யோசிங்க: சுதந்திரம் வந்து 74 வருஷம் கழித்து! காலூன்ற மண் இல்லாதவருக்கு ஓட்டும் கடைசியில்தான் வருகிறது.

66 லட்சத்தில் வேற ஊரில் பெயர் சேர்த்தவர்களும் இருப்பாங்க, மறுக்கவில்லை. ஆனால் விரட்டப்பட்டவரையும் விரும்பிப் போனவரையும் ஒரே சொல்லில் அடைப்பது அநியாயம்.

சட்டம் என்ன சொல்லுது? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது, நீங்கள் வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதை மட்டுமே. சொந்த வீடு இருக்கா என்று கேட்கவில்லை. நடைபாதையில் தூங்குகிறவருக்கும் ஓட்டு உண்டு. வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்தால் போதும், முகவரிச் சான்று தேவையில்லை.

அதனால் சும்மா இருக்காதீங்க. பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6. பட்டியலில் இருந்து, வீடு மட்டும் மாறியிருந்தால் படிவம் 8. இறுதிப் பட்டியல் வந்த பிறகும் விண்ணப்பிக்கலாம். உங்க வீட்டோடு நிறுத்தாம பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்க. பெரும்பாக்கத்தில் ஒவ்வொரு மாடியும் ஏறுவோம்!

வீடு மாறலாம். ஓட்டு மாயமாகக் கூடாது!

#வீடும்_நம்_உரிமை #ஓட்டும்_நம்_உரிமை