துண்டோடு அனுப்பினால் போதுமா?

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பதிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு மாற்றப்படும்போதுதான் ஆட்கள் தவறிப்போவார்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வந்து கொடிகாமத்தில் ஒதுங்கியவர்களுக்கும், 2000 இல் தென்மராட்சியிலிருந்தே வெளியேறியவர்களுக்கும் நிவாரண அட்டைக்காக அலைந்த நாட்களை நாம் நினைவூட்டத் தேவையில்லை. இன்று அத்தகைய இன்னொரு மாற்றத்தில் எமது பிள்ளைகள் சிலர் தவறிப்போகின்றார்கள்.

சீனி வருத்தம் வயது போனவர்களுக்கே வரும் என்று எண்ணுகின்றோம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதலாம் வகை நீரிழிவு. அதில் சதையி இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றது. குளிசையோ பத்தியமோ அதை ஈடுசெய்யாது. நாள்தோறும் ஊசி வேண்டும். ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிராபத்து. 1922 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்ட லெனாட் தொம்சனுக்கு வயது 14.

ஏறக்குறைய அந்தப் பருவத்திலேதான் எமது பிள்ளைகளும் சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியவர்களின் கிளினிக்கிற்கு அனுப்பப்படுகின்றார்கள். சிறுவர் பகுதியில் தாதி பெயர் சொல்லி அழைப்பார், "போன மாதம் ஏன் வரேல்லை?" என்று தாயைக் கேட்பார். புதிய இடத்தில் விடியற்காலையில் இலக்கம் எடுத்து, பேரன் பேத்தி கண்டவர்கள் நடுவே காத்திருக்க வேண்டும். எமக்குத் தெரிந்த ஒரு பையன் இரண்டு முறை போனான், பிறகு போகவில்லை. அனுப்பிய இடத்தில் அவன் பெயர் வெட்டப்பட்டுவிட்டது; சேரவேண்டிய இடத்தில் அவனைத் தேட ஆளில்லை. வெங்காயம் கிண்டும் நாளொன்றில் மயங்கிய நிலையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தான். பெண்பிள்ளை என்றால் இன்னொரு சிக்கல்: கலியாணப் பேச்சு வருமுன்னரே கிளினிக் கொப்பி ஒளிக்கப்படுகின்றது.

எமது முறைப்பாடு மருந்தைப் பற்றியதல்ல. அரச வைத்தியசாலையில் இன்சுலின் இலவசம். அது சிறிய காரியமன்று. இரண்டு கிளினிக்குகளுக்கும் இடையில் பிள்ளையோடு கூடப்போகும் ஒரு தாதியே இல்லை. முதல் நாள் கூடச்சென்று புதிய வைத்தியரிடம் அறிமுகப்படுத்துபவர், வராத மாதம் தொலைபேசி எடுப்பவர் வேண்டும். கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் 2002 இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஓர் ஒருங்கிணைப்பாளர் இத்தகைய இளைஞர்களோடு தொலைபேசியில் தொடர்பு வைத்திருந்தார். அவ்வளவு தூரம் போவானேன்? கருவுற்ற தாய் கிளினிக்கிற்கு வராவிட்டால் குடும்பநல மாது வீடு தேடி வருகின்றார். அந்த வழக்கம் எமக்குப் புதியதல்ல.

தோட்டக்காரரின் பிள்ளைக்குத் தாதி சொல்லித்தர வேண்டியவையும் தனியானவை. இறைப்பும் கொத்தும் சீனியை வேகமாய்க் குறைக்கும். வியர்த்து நடுங்கினால் பனங்கட்டியோ சீனித் தண்ணீரோ உடனே வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈரமாக வைத்த மண்பானை மருந்தை வெக்கையிலிருந்து காக்கும். இவற்றைத் தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. இனி ஊசி போடப்போவது பிள்ளையே.

எமது பக்கத்திலும் பிழை உண்டு. செபக்கூட்டத்தில் சுகம் கிடைத்தது என்று ஊசியை நிறுத்தியவர்களை நாம் அறிவோம். அவர்களைக் கண்டித்துத் திருப்பி அனுப்பாத குருக்களையும் அறிவோம். திருச்சபையின் ஒறுத்தல் சட்டம் 18 வயது நிறைந்தவரையே உபவாசத்திற்குக் கட்டுப்படுத்துகின்றது. நோயாளியை அது கட்டுப்படுத்தாது. தவக்காலத்தில் இதைப் பீடத்திலிருந்தே சொல்லலாம்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் சேர்ந்து சுகாதாரப் பணிமனைக்கு ஒரு மனு எழுதட்டும். கேட்பது ஒரு தாதி, ஒரு பதிவேடு, ஒரு தொலைபேசி. அது வரும்வரை கிளினிக் நாளில் கூடப்போக ஒருவரையும் பஸ் காசையும் பங்குகள் தேடலாம். மனுவில் தாய்மார் முதலில் ஒப்பமிடட்டும். ஒரு நாள் கூலியை விட்டு இதுவரை கூடப்போனவர்கள் அவர்களே.