மெடிக்கல் முடிஞ்சு கையெழுத்து போட்ட பிறகு ரிஸ்க் யாரோடது?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

ஐரோப்பாவில் ட்ரான்ஸ்ஃபர் விண்டோ திறந்தாலே நம்ம டைம்லைன்ல இருக்கிற மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் எல்லாரும் ஆர்த்தோ டாக்டர் ஆகிடுறாங்க. "அவனுக்கு கண்ணாடி கால், வாங்காதீங்க." "இவன் மெடிக்கல்ல ஃபெயிலாம், கதை முடிஞ்சது." "மூணு வருஷமா பெட்ல படுத்துக்கிட்டு சம்பளம் வாங்குறான், துரத்துங்க."

மேட்ச் இல்லாத மாசங்கள்ல பேச வேற என்ன இருக்கு, பேசட்டும். நானும் அதையெல்லாம் படிச்சு சிரிக்கிற ஆள்தான். ஆனா இந்த மூணு பேச்சுலயும் ஒரே தப்பு ஒளிஞ்சிருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல, இந்த "மெடிக்கல்"னா என்ன?

ஒரு வீரரை வாங்குறதுக்கு முன்னாடி கிளப்போட டாக்டர்கள் அவரை அலசி எடுப்பாங்க. பழைய காயங்களோட வரலாறு, பழைய ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனை. இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ. முட்டி, கணுக்கால், இடுப்பு, முதுகுக்கு எம்ஆர்ஐ. தொடைத் தசையோட பலத்தை மெஷின்ல அளந்து, இடது காலையும் வலது காலையும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.

இதுக்கு பாஸ் மார்க் எல்லாம் கிடையாது. இங்கதான் பலரும் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. பத்து வருஷம் புரொஃபஷனலா ஆடினவரோட முட்டியை எம்ஆர்ஐல போட்டா, குருத்தெலும்புல தேய்மானம் தெரியத்தான் செய்யும். அவருக்கு வலியே இருக்காது, வாரம் ரெண்டு மேட்ச் ஆடிக்கிட்டு இருப்பார். ஸ்கேன்ல தெரியுறது வேற, நோய் வேற. உங்க 45 வயசு முதுகை எடுத்தாலும் ரேடியாலஜிஸ்ட் ஒரு பக்கத்துக்கு எழுதுவார்.

அப்போ டாக்டர் என்னதான் சொல்றார்? "இந்த விலைக்கு, இத்தனை வருஷத்துக்கு, இந்த உடம்புல இவ்வளவு ரிஸ்க் இருக்கு." அவ்வளவுதான். முடிவு எடுக்குறது பணம் போடுறவங்க. பழைய கார் வாங்கும்போது மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போற மாதிரி. அந்த மெக்கானிக் வாங்குறவரோட ஆள்ங்கிறதை மறந்துடாதீங்க. இந்தப் பரிசோதனையில டாக்டர் எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் அவரோட நோயாளி கிடையாது. எங்க தொழில்ல இது ரொம்ப சங்கடமான இடம்.

நம்ம ஊர்ல இது தெரியாதவங்க இல்ல. கல்ஃப் மெடிக்கல் ஞாபகம் இருக்கா? எப்பவோ வந்து மருந்து சாப்பிட்டு முழுசா ஆறிப்போன டிபியோட தழும்பு எக்ஸ்ரேல தெரியும். ஆள் நல்லாத்தான் இருப்பார். ஆனா பேப்பர்ல "அன்ஃபிட்"னு வந்துடும். அந்த பேப்பரைத் தூக்கிட்டு வந்து "சார், எனக்கு என்ன வியாதி?"ன்னு கேப்பாங்க. ஒரு வியாதியும் இல்லப்பா, அந்த வேலைக்கு உன்னை எடுக்க அவங்க தயாரா இல்லன்னு சொல்லி அனுப்புவோம்.

சரி, யுனைடெட்டுக்கே வருவோம்.

2000-ல ரூட் வான் நிஸ்டல்ரூயை 18.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்க எல்லாம் முடிவாயிடுச்சு. மெடிக்கல்ல முட்டி சரியில்லன்னு சந்தேகம் வந்து டீல் நின்னுபோச்சு. சில நாள்லயே, பிஎஸ்வி ஐந்தோவன் பயிற்சியில ஒரு தாவு தாவினார், முட்டியில ஏசிஎல் தசைநார் கிழிஞ்சது. கேமராவுலயே பதிவாச்சு. அலறி விழுற அந்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீங்க.

இன்னைக்கு டைம்லைன் அப்போ இருந்திருந்தா என்ன சொல்லியிருக்கும்? "தப்பிச்சோம்டா சாமி, இவன் அவ்ளோதான்."

2001-ல அதே யுனைடெட், அதே மனுஷனை, 19 மில்லியனுக்கு வாங்கிச்சு. முந்தின வருஷத்தை விட அதிக விலைக்கு, ஆபரேஷன் ஆன முட்டியோட. 219 மேட்ச், 150 கோல். 2000-ல அந்த ரிஸ்க்கை எடுக்கத் துணியாத கிளப் 2001-ல துணிஞ்சுது. 'ஃபெயில்'னு சொல்லப்பட்டது அந்த நாள்ல அந்தக் கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு கதை எனக்கு இதைவிட முக்கியம். கிறிஸ்டியன் எரிக்சன்.

2021 ஜூன் 12, கோபன்ஹேகன், யூரோ கோப்பையில டென்மார்க் - ஃபின்லாந்து மேட்ச். மைதானத்திலயே இதயம் நின்னு விழுந்தார். அங்கேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து உயிரை மீட்டாங்க. அப்புறம் நெஞ்சுக்குள்ள ஐசிடி வெச்சாங்க. இதயத்துடிப்பு ஆபத்தான விதத்துல தாறுமாறா போனா தானே ஷாக் கொடுக்குற சின்னக் கருவி அது.

அப்போ அவர் இன்டர் மிலான் வீரர். இத்தாலி விதிப்படி ஐசிடியோட அங்க ஆட முடியாது. அந்த டிசம்பர்ல காண்ட்ராக்டை முடிச்சுக்கிட்டாங்க. 2022 ஜனவரியில இங்கிலாந்துல பிரென்ட்ஃபோர்ட் எடுத்துச்சு. ஜூலையில யுனைடெட் மூணு வருஷ காண்ட்ராக்ட் கொடுத்துச்சு.

மிலான்ல வேலை போனப்போ இருந்த அதே இதயம், அதே கருவி. ஃபிளைட் ஏறி இறங்கினதும் ஃபிட். ஒரு நாட்டோட விதி, ஒரு கிளப்போட துணிச்சல், கூடவே விவரம் தெரிஞ்ச அந்த வீரரோட சம்மதம் எல்லாம் சேர்ந்துதான் 'ஃபிட்'ங்கிற வார்த்தை வருது. இத்தாலி செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். விளையாட்டு வீரர்களோட இதயத்தைக் கட்டாயமா பரிசோதிக்கிறதுல உலகத்துக்கே முன்னோடி அவங்கதான். நைஜீரியாவோட கானு 1996-ல ஒலிம்பிக் தங்கத்தோட அதே இன்டருக்குப் போனப்போ, பரிசோதனையிலதான் இதய வால்வு கோளாறு தெரிஞ்சது. ஆபரேஷன் பண்ணி, திரும்பி வந்து, 1999-ல ஆர்சனல் போய் லீக் கோப்பை எல்லாம் தூக்கினார். பரிசோதனை வேண்டாம்னு நான் வாதாட வரல. அதை எப்படிப் படிக்கணும்கிறதுதான் பேச்சு.

இப்போ சம்பள விஷயம். டைம்லைன்ல ரொம்ப சூடா ஓடுறது இதுதான்.

ஃபிஃபாவோட ட்ரான்ஸ்ஃபர் விதிகள்ல ஒரு வரி இருக்கு, நிறைய ரசிகர்களுக்குத் தெரியாது. ஒரு காண்ட்ராக்ட் செல்லுமா செல்லாதாங்கிறதை மெடிக்கல் பரிசோதனையோட முடிவுக்குக் கட்டி வைக்கக் கூடாது. அதாவது "கையெழுத்து போடு, அப்புறம் மெடிக்கல்ல சரியா வரலன்னா காண்ட்ராக்ட் கேன்சல்"னு எழுத முடியாது. அதனாலதான் எல்லா கிளப்பும் மெடிக்கலை முன்னாடியே முடிச்சுட்டு கையெழுத்துக்கு வருது. ஏர்போர்ட்ல இறங்கின வீரர் நேரா ஆஸ்பத்திரிக்குப் போற படம் வருதே, காரணம் இதுதான்.

இதோட அர்த்தம் என்ன? கையெழுத்துக்கு முந்தின நிமிஷம் வரை உடம்போட ரிஸ்க் வீரரோடது. கிளப் விலகிப் போயிடலாம். கையெழுத்து விழுந்த நிமிஷத்துல அந்த ரிஸ்க் கிளப்புக்கு மாறுது. மெடிக்கல்னு ஒண்ணு இருக்கிறதே, கண்ணைத் திறந்து பார்த்து அந்த ரிஸ்க்கை வாங்குறதுக்குத்தான்.

அமெரிக்கன் ஃபுட்பால்ல, என்எஃப்எல்ல, கதை வேற. அங்க காண்ட்ராக்ட்ல உத்தரவாதம் இல்லாத பகுதி பெருசா இருக்கும். காயம் ஆறி ஆள் எழுந்து நின்னதும் டீம் விட்டுடலாம், மீதி வருஷங்களோட அந்தப் பணம் போச்சு. நம்ம ஆளுங்க கேக்குறது அந்த மாதிரி சிஸ்டத்தைத்தான், தெரியாமலே கேக்குறாங்க.

ஃபில் ஜோன்ஸை எடுத்துக்கோங்க. இவர் பேரைச் சொன்னாலே இன்னும் மீம்தான் வரும். 2011-ல பிளாக்பர்ன்ல இருந்து வந்த 19 வயசுப் பையன். 2019-ல, ஏற்கெனவே வரிசையா காயம் பட்டிருந்த நேரத்துல, யுனைடெட்டே கூப்பிட்டு 2023 வரை புது காண்ட்ராக்ட் கொடுத்துச்சு. 2020 ஜனவரியில ட்ரான்மியர் கூட ஆடினதுக்கு அப்புறம் முட்டி விடல. திரும்ப சீனியர் டீமுக்கு ஆடினது 2022 ஜனவரியில, வுல்வ்ஸ் கூட. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்! அந்த ரெண்டு வருஷமும் "ஓசிச் சம்பளம்"னு திட்டாத ஆள் இல்ல. மனசளவுல எவ்வளவு நொறுங்கிப் போயிருந்தார்னு பின்னாடி அவரே பேசியிருக்கார். 2024-ல, 32 வயசுல ஓய்வு அறிவிச்சார்.

இதுல வீரர் என்ன தப்பு பண்ணினார்னு சொல்லுங்க. காண்ட்ராக்ட் கொடுத்தது கிளப். அவரோட முட்டியோட முழு ஃபைலும் அவங்ககிட்டதான் இருந்தது, எட்டு வருஷமா. கோபப்படணும்னா அந்த மேசையோட அந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்து போட்டவங்க மேல படுங்க. நிர்வாகத்தைக் கேள்வி கேக்குறது ரசிகரோட உரிமை. நொண்டிக்கிட்டு இருக்கிறவரைப் பார்த்து "வேணும்னே ஆட மாட்டேங்குறான்"னு சொல்றது, கிளப் காசு கொடுத்து வாங்கின ரிஸ்க்கைத் திரும்ப அவரோட முட்டி மேலயே ஏத்துறது.

அது வெறும் வார்த்தை, அதனால என்ன ஆகிடப் போகுதுன்னு கேப்பீங்க. ஆகுது.

வீரர்கள் அதைப் படிக்கிறாங்க. சீக்கிரம் திரும்பி வரணும்னு அவசரப்படுறாங்க. ஏசிஎல் ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்பது மாசத்துக்கு முன்னாடி களத்துல இறங்கினா மறுபடி காயம் படுற வாய்ப்பு கணிசமா அதிகம். தொடையோட பின்தசை ஒரு தடவை கிழிஞ்சா, அடுத்த கிழிசலுக்கு அதுவே பெரிய காரணம். இதெல்லாம் தெரிஞ்சும் ஊசி போட்டுக்கிட்டு, மாத்திரை போட்டுக்கிட்டு ஆடுறவங்க உண்டு. லிவர்பூல்ல இருந்த டேனியல் ஆகர் 31 வயசுல ஓய்வு பெற்றார். வருஷக்கணக்கா வீக்கம் குறைக்கிற மாத்திரைகளை அளவுக்கு மீறி எடுத்ததை வெளிப்படையா சொன்னார். அந்த மாத்திரைகள் வயித்தையும் கிட்னியையும் என்ன பண்ணும்னு எங்க வார்டுல வந்து பார்த்தா தெரியும். (மெடிக்கல் ஷாப்ல நீங்களே கேட்டு வாங்கி முழங்கால் வலிக்குப் போடுறீங்களே, அதே குடும்பம்தான். நிறுத்துங்க.)

அர்ஜென்டினாவோட பாட்டிஸ்டுடா. எங்க தலைமுறைக்கு அவர் சாமி. 2005-ல ஆட்டத்தை விட்டார். கணுக்கால் வலி அவ்வளவு மோசம், பக்கத்துல இருக்கிற கழிவறைக்குக்கூட நடக்க முடியாம படுக்கையிலயே சிறுநீர் கழிச்சதாகவும், காலை வெட்டி எடுத்துடுங்கன்னு டாக்டர்கிட்ட கெஞ்சினதாகவும் 2014-ல ஒரு பேட்டியில சொன்னார். ரசிகர்கள் கைதட்டி முடிச்சு வீட்டுக்குப் போய் பல வருஷம் ஆச்சு. கணுக்கால் மட்டும் அவர்கூடவே இருந்துச்சு.

லூக் ஷா 2015-ல ஐந்தோவன்ல கால் ரெண்டு இடத்துல உடைஞ்சப்போ, காலையே இழக்குற நிலைக்குக் கிட்டத்தட்ட போயிட்டதா 2018-ல, புது காண்ட்ராக்ட் போட்ட சமயத்துலதான் வெளியில சொன்னார். நடுவுல மூணு வருஷம் அவரை 'குண்டன், சோம்பேறி'ன்னு எழுதினவங்களுக்கு அது தெரியாது. தெரியணும்னு அவசியமும் இல்ல. "கிளப் மெடிக்கல் ரிப்போர்ட்டை வெளியிடணும்"னு சிலர் ட்ரெண்ட் பண்றீங்க பாருங்க, அதுக்கும் இதே பதில். உங்க ஆபீஸ் எச்ஆர் உங்க சுகர் ரிப்போர்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டினா சும்மா இருப்பீங்களா?

அதனால இந்த விண்டோவுல பேச வேண்டியதைப் பேசுங்க. எத்தனை வருஷ காண்ட்ராக்ட்? முடியும்போது வயசு என்ன? சம்பளத்துல ஒரு பங்கை ஆடின மேட்ச்சுக்கு இவ்வளவுன்னு வெச்சிருக்காங்களா? ஒரே இடத்துக்கு காயம் வரலாறு இருக்கிற ரெண்டு பேரை வாங்கிட்டு மாற்று ஆள் இல்லாம உட்கார்ந்திருக்காங்களா? ஒரு சீசன்ல இத்தனை மேட்ச் வைக்கிறவங்களை யாராவது கேட்டீங்களா? எல்லாமே கிளப்பையும் லீக்கையும் பார்த்துக் கேக்க வேண்டிய கேள்விகள், நல்லா கிழிக்கலாம்.

"டாக்டர், புதுசா வாங்குற ஸ்ட்ரைக்கரோட முட்டி தாங்குமா?"ன்னு இப்பவே நாலு பேர் டிஎம்ல கேட்டாச்சு. ஸ்கேன் என்கிட்ட இல்லங்க. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.