விமானப் பயத்துக்கும் வைத்தியம் உண்டு

தாராசுரம், கும்பகோணம் பக்கத்தில் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத தெரு குறைவு. "பேரனைப் பார்க்கப் போகவில்லையா?" என்று கேட்டால், "முட்டி வலி, குளிர் ஒத்துக்கொள்ளாது" என்போம். பலருக்கு உண்மையான காரணம் விமானப் பயம். எழுபதைத் தாண்டியபின் அதைச் சொல்ல வெட்கம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜா புறப்பட்ட விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தது. எரிபொருளைக் குறைத்துக்கொண்டு இறங்குவதற்குத்தான் அந்தச் சுற்று. பத்திரமாக இறங்கியும்விட்டது. நம் மனதில் தங்கியது வட்டமடித்தது மட்டுமே. 2025 ஜூன் 12 ஆமதாபாத் விபத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

இந்தப் பயம் "தைரியமாக இருங்கள்" என்ற உபதேசத்தால் போகாது. தூக்க மாத்திரையைத் தாமாகவே விழுங்குவது ஆபத்து. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். மனநல மருத்துவரோ உளவியலாளரோ செய்வது வேறு. மூச்சைச் சீராக்கப் பழக்குவார்கள். விமானம் குலுங்குவது விழுவதல்ல என்று விளங்கவைப்பார்கள். பிறகு படம், விமான நிலையம், திருச்சி–சென்னை ஒரு மணி நேரப் பயணம் என்று படிப்படியாக ஏற்றிவிடுவார்கள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 முதல் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். கண்புரைக்குக் கூச்சப்படாமல் ஆஸ்பத்திரி போகிற நாம், இதற்கு மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? ஐராவதேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டே போங்கள். வீடியோவில் பேரன் முகம் தெரியும். அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது.