கையில் மிஞ்சியிருப்பது என்ன?



"நமக்கெல்லாம் எங்கே நடக்கப் போகுது டீச்சர்? நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்."

பள்ளிக்கு வரும் பெற்றோர் பலர் இப்படிச் சொல்லக் கேட்கிறேன். தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளான் பக்கம் அடுக்குமாடியில் குடியேறியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். துன்பத்தில் மனம் துவளுவது குற்றமில்லை. ஆனால் அந்தச் சொல் வீட்டிலேயே குடியிருந்துவிட்டால், அப்பாவின் "முடியாது" பிள்ளையின் பரீட்சைத் தாளிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விசுவாசம் இந்த நினைப்பை எப்படி மாற்றுகிறது? அதற்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

சுங்கை பூலோவில் 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பை நம் பெரியவர்கள் அறிவார்கள். அந்த நோய் கையின் நரம்பைக் கெடுத்துவிட்டால் விரல்கள் மடங்கிப் போகும். தமிழ்நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு இதற்கு அறுவைச் சிகிச்சை செய்து வந்தார். செத்த தசையை அவர் உயிர்ப்பிக்கவில்லை. கையில் இன்னும் நன்றாக வேலை செய்யும் தசை ஒன்றின் நாணை எடுத்து, இடம் மாற்றி, மடங்கிய விரலோடு இணைத்தார். பயிற்சிக்குப் பிறகு விரல் நிமிர்ந்தது.

அதே மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். கொச்சியில் 1925இல் பிறந்தவர். 1954இல் நடந்த வாகன விபத்தில் அவர் முதுகெலும்பு நொறுங்கியது. முகத்தில் காயம், கால்கள் இரண்டும் செயலிழந்தன. மகப்பேறு மருத்துவராகும் கனவு அன்றோடு முடிந்தது. "இனி நான் எதற்கு?" என்று அவர் மனமும் கேட்டிருக்காதா?

அவருடைய கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை டாக்டர் பிராண்டு கண்டார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தக் கற்றுக்கொண்டார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கான துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986இல் மறையும்வரை அவர் கால்கள் நடக்கவே இல்லை. ஆனால் எத்தனையோ பேர் அவரால் எழுந்து நின்றார்கள்.

பார்த்தீர்களா? ஜெபம் அவர் கால்களைத் திருப்பித் தரவில்லை. மிஞ்சிய கைகளைப் பார்க்கக் கண் தந்தது.

வேதாகமத்திலும் இதே பாடம்தான். இராஜாக்களின் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி, செத்தால் போதும் என்று ஒரு செடியடியில் படுத்துவிடுகிறார். தேவன் அவரைத் திட்டவில்லை. முதலில் தூங்கவிட்டார், சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். தான் ஒருவன் மட்டுமே மிஞ்சியதாக அவர் புலம்பியபோது, இன்னும் ஏழாயிரம் பேர் இருப்பதைச் சொல்லி அடுத்த வேலைக்கு அனுப்பினார்.

ஆகவே சோர்ந்திருப்பவரைப் பார்த்து "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லாதீர்கள். ஒரு வாய் சோறு போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் வாடினால் கிளினிக்கிற்குக் கூட்டிப் போங்கள். மருந்தும் ஆண்டவர் தந்ததுதான். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மறைக்கவே கூடாது. போதகரிடமோ குடும்பத்தாரிடமோ சொல்லுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். மதம், இனம் கேட்காமல் காது கொடுப்பார்கள்.

இன்றிரவு குடும்ப ஜெபத்திற்கு உட்காரும்போது, போனதை எண்ணுவதற்கு முன் மிஞ்சியதை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிப் பாருங்கள். வெட்டுக்கத்தி பிடித்துப் பழகிய கை, படிக்கிற பிள்ளை, உதவிக்கு வரும் பக்கத்து வீட்டு அக்கா... எதுவானாலும் சரி. நாளைய வேலையை அதிலிருந்து தொடங்குவோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.