தாதியருக்கு உபதேசம் போதும், உறக்கம் கொடுங்கள்!

"நேரத்துக்கு உண்ணுங்கள், நாள்தோறும் நடவுங்கள், எட்டு மணிநேரம் உறங்குங்கள்" என்று தாதியருக்கு நல்வாக்குச் சொல்வோர் பெருகிவிட்டனர். வாக்கில் பிழையில்லை. அதைக் கடைப்பிடிக்க நேரம் எங்கே என்று கேட்பார்தான் இல்லை!

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளின் வழக்கமான கடமைமுறை யாது? காலை 7 முதல் பிற்பகல் 1 வரை. 1 முதல் மாலை 7 வரை. இரவோ 7 முதல் விடியற்காலை 7 வரை, முழுமையாகப் பன்னிரண்டு மணிநேரம்! ஆள் குறைந்தால் ஒரு கடமையின் மேல் இன்னொன்று ஏறுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப்பின் தாதியர் பலர் கடல் கடந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சுமை எஞ்சியோர் தோளில் விழுந்தது.

இரத்தோட்டை மலைத் தோட்டத்திலிருந்து நள்ளிரவில் ஒரு கர்ப்பிணி மாத்தளை வைத்தியசாலைக்கு வருகிறாள். தம்புள்ளை வயலில் பாம்பு தீண்டிய உழவன் அங்குள்ள வைத்தியசாலைக்கு வருகிறான். அவர்களுக்காகக் கண்விழித்திருப்பவர் தாதி. அவருடைய உணவு ஆறிய சோறு, துணை வெறுந்தேநீர். விடிந்து வீடு திரும்பினால் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன. இவரிடமா உடற்பயிற்சி உபதேசம்?

இது வெறும் அலுப்பன்று. உடலின் இரவுபகல் ஒழுங்கைக் குலைக்கும் இரவுவேலை புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. இரு கடமைகளுக்கிடையே தாதியருக்குக் குறைந்தது பன்னிரண்டு மணிநேரத் தொடர் ஓய்வு வேண்டுமென உலகத் தொழில் ஸ்தாபனம் 1977இலேயே விதந்துரைத்தது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது!

தாதியர் தம் பங்கைச் செய்யட்டும்: இரவுக் கடமைக்குமுன் சிறு துயில், நள்ளிரவில் எளிய உணவு, விடியலை நெருங்கும்போது தேநீர் தவிர்த்தல், பகலில் இருட்டறை உறக்கம். எஞ்சிய பங்கு ஆட்சியாளருடையது. இரவில் சூடான உணவு, சாய்ந்து இளைப்பாற ஓர் அறை, ஆண்டுதோறும் இலவச உடற்பரிசோதனை, முன்கூட்டியே அறிவித்து மாற்றாத கடமைப்பட்டியல், வெற்றிடங்களுக்கு ஆள். இவை சலுகைகளல்ல, உரிமைகள்!

உழவர் பெருமக்களே! உச்சிவெயிலில் எருதின் நுகத்தைக் கழற்றி நீர் காட்டுவது நம் மரபு. கற்றோரே! களைத்த கை மருந்தின் அளவைத் தவறவிட்டால், அந்தக் கட்டிலில் கிடப்பது நம் தாயாக இருக்கலாம். எருதுக்குக் காட்டும் இரக்கத்தைத் தாதிக்கும் காட்டுமாறு ஆட்சியாளரைக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!