கல்லூரி மலரும் எழுத்தின் அமானிதமும்

கல்வியாண்டு முடியும் தறுவாயில் கல்லூரிகளில் ஆண்டு மலர் தயாராகும். முதல்வரின் வாழ்த்துரை, துறை அறிக்கைகள், நாட்டு நலப்பணித் திட்ட முகாம், பரிசு பெற்றோர் பட்டியல், குழுப் படங்கள் ஆகியவை போக எஞ்சிய பக்கங்கள் மாணவர் எழுத்துக்கு. செங்கல்பட்டு வட்டாரத்தில் சில ஆண்டுகள் அதன் பொறுப்பாசிரியராக இருந்தவர் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

கத்தரிக்கோல் பிடிப்பதே அப்பணி என்று தொடக்கத்தில் நாமும் நினைத்தோம். ஓராண்டு விடுதி மாணவி ஒருவர், ரமளானில் ஸஹர் உணவு கேட்டும் கிடைக்காமல் பிஸ்கட்டும் தண்ணீருமாக நோன்பு வைத்ததைக் கட்டுரையாகத் தந்தார். நிர்வாகம் முகம் சுளிக்குமே என்று அஞ்சி அதை எடுத்துவிட்டோம். "நான் எழுதினதுல பொய் ஏதாவது இருந்துச்சா சார்?" என்று கேட்டார். பக்கம் போதவில்லை என்றோம். அதே மலரில், வாட்ஸ்அப்பில் சுற்றிய கவிதை ஒன்று வேறொரு மாணவரின் பெயரோடு முழுப் பக்கத்தில் வந்திருந்தது! உண்மையை நிறுத்திவிட்டுக் களவை அச்சேற்றியிருந்தோம்.

செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத் (49:6) பணிக்கிறது. நமக்கும் நம் பெற்றோருக்கும் பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு ஸூரத்துந் நிஸா (4:135) பணிக்கிறது. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. விசாரணை என்பது வாயடைக்கும் கருவியன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் துருவி ஆராய்ந்தது, நபிமொழிகளைப் பாதுகாத்து மக்களிடம் சேர்ப்பதற்காகவே.

கல்லூரி இதழ்தானே என்று இதை அலட்சியமாக எண்ணுவோர் உண்டு. இன்று செங்கல்பட்டு மாவட்டத்துத் தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-இல் அங்கே இடம்பெயர்வதற்கு வெகுகாலம் முன்பே, 1883-இல் ஓர் இதழைத் தொடங்கியது. மாணவர் மலரன்று அது; ஆனாலும் கல்லூரியின் பெயரால் வந்த இதழ். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியவை என்று கூலோம் தம்பதியர் கொடுத்த கடிதங்களை 1884 செப்டம்பரில் அது வெளியிட்டது. அற்புதங்கள் என்று அடையாற்றில் காட்டப்பட்டவை ஏற்பாடு செய்யப்பட்ட வித்தைகளே என்பது குற்றச்சாட்டு. கடிதங்கள் போலியானவை என்றார் அம்மையார். ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் நேரில் வந்து ஆராய்ந்து, 1885-இல் அவருக்கு எதிராக அறிக்கை தந்தார். அந்த அறிக்கையின் ஆய்வு முறையையே 1986-இல் வெர்னான் ஹாரிசன் கடுமையாகக் குறைகூறினார். நூறாண்டு ஓடியும் வழக்கு ஓயவில்லை.

இதில் நம்மை உறுத்துவது வேறொன்று. கடிதங்களைக் கொடுத்தவர்கள் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். பெற்றதோ அதன் எதிர்முகாம். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் அச்செய்தி உண்மையாயிருக்க வேண்டும் என்ற விருப்பம் இருந்த இடம் அது. அத்தகைய இடத்தில்தான் விசாரணை இருமடங்காக வேண்டும். நம் கட்டுரை விஷயத்திலோ, அது உண்மையாயிருக்கக் கூடாது என்ற விருப்பம் நமக்கு இருந்தது. அதுவும் அதே நோய்தான்.

அந்த மாணவியிடம் நாம் கேட்டிருக்க வேண்டியவை எளிய கேள்விகள். எத்தனை நாள்? யாரிடம் கேட்டீர்கள்? என்ன பதில் வந்தது? உடன் கேட்டவர் யார்? பிறகு விடுதிப் பொறுப்பாளரிடம் விளக்கம் பெற்று, அதையும் பக்கத்திலேயே போட்டிருக்கலாம்.

அடுத்த ஆண்டு, குடிநீர் இயந்திரம் ஆறு மாதமாகப் பழுதாகிக் கிடப்பதாக ஒரு மாணவர் எழுதிவந்தார். பழுதுநீக்கும் பதிவேட்டைப் பார்த்துவரச் சொன்னோம். பழுது உண்மை, ஆனால் இரண்டு மாதம்தான். அவரே திருத்தினார். கட்டுரையும் அலுவலகத்தின் பதிலும் ஒரே பக்கத்தில் வந்தன. சிலர் முகம் சுளித்தார்கள். இயந்திரமும் சரிசெய்யப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

ஸஹர் கட்டுரை எழுதியவர் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டார். அவருடைய கையெழுத்துப் படி இன்னும் நம் கோப்பில்தான் இருக்கிறது.